மஞ்சக்குட்டை லான்செஸ்டர்

அதை நான்தான் சொன்னேன்.
வேறு யாரும் இல்லை.

அஸ்தம்பட்டி, தட்டுவடை செட் கடை,
ஞாயிற்றுக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம்.
செங்கோட்டுவேலு தன் மாரிஸ் எட்டின் மேல் சாய்ந்து
அது ஒரு ஜமீனின் மூன்றாம் தாரத்துக்கு வந்த சீதனம் என்று
மறுபடியும் ஆரம்பித்தார்.
(போன வருடம் இரண்டாம் தாரம்.)

என் வண்டிக்குக் கதை கிடையாது.
அறுபத்திரண்டு மாடல் ஃபியட்.
முதல் சொந்தக்காரர் சூரமங்கலத்து கூட்டுறவு இன்ஸ்பெக்டர்,
அடுத்து அவர் மச்சினன்,
அடுத்து நான்.

பொறுக்கவில்லை.
முழங்கை வரை சட்னி வடியச் சொன்னேன்:
'மஞ்சக்குட்டைப் பக்கம், காப்பிக் கொட்டகையில்
ஒரு லான்செஸ்டர் நிற்குது.
துரை விட்டுட்டுப் போனது.'

வாய்கள் நின்றன.
ஒரு தட்டுவடை பாதிக் கடியில் காத்திருந்தது.

அடுத்த வாரம் அதற்குச் சாவி முளைத்தது.
அதற்கடுத்த வாரம் பின் சீட்டில் நல்லபாம்பு.
ஐப்பசி மழைக்குள் துரைக்கு ஒரு பெயர் கிடைத்து,
கிடைத்த கையோடு செத்தும் போனார்,
ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே.
அவருக்குத் தங்கப் பல் கட்டியது தன் அப்பாதான் என்றார்
பல் டாக்டர் ஹெப்சிபா,
எந்தப் பக்கத்துப் பல் என்பதையும் சேர்த்து.

பொய்யர்கள் என்று சொல்ல மாட்டேன்.
ரேடியேட்டர் ஒழுகினால் முட்டை வெள்ளைக்கரு ஊற்றுகிறவர்கள்.
பெட்ரோல் டாங்கில் அந்துருண்டை போட்டால்
லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடும் என்று
கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறவர்கள்.
ஏற்காட்டுச் சாலை பதினோராம் கொண்டை ஊசியில்
ஹாரன் அடிக்காமல் திரும்பிய ஹில்மேனை
மலை கீழே திருப்பி அனுப்பிய சங்கதி
ஒன்பது பேருக்குத் தெரியும்.
ஒன்பது பேரும் சொல்லும் ஹில்மேன்
ஒன்பது நிறம்.

மூன்றாம் வருடம், பங்குனி வெயில்.
சாதிக் பாட்சா தனியாகக் கூப்பிட்டார்,
கிச்சிப்பாளையத்தில் அவருடைய பழைய இரும்புக் கிடங்குக்கு.
கதவைச் சாத்தினார். செய்தித்தாளைப் பிரித்தார்.
உள்ளே பாசி பிடித்த பித்தளை வளையம்,
சிவப்புக் கண்ணாடி,
ஓரத்தில் நகத்தளவு உடைசல்.

'மஞ்சக்குட்டை வண்டியோட பின்விளக்கு.
மொதமொதல்ல சொன்னது நீங்க.
அதனால உங்களுக்குன்னு வெச்சிருந்தேன்.'

எவ்வளவு என்றேன்.
என் வாய்தான் கேட்டது.
எட்டாயிரத்தில் தொடங்கி ஆறரைக்கு முடிந்தது.

அப்படி ஒரு வண்டி இல்லை என்று
இந்த ஜில்லாவில் நிச்சயமாய்த் தெரிந்த ஒரே ஆள்
பின்விளக்கை மடியில் வைத்துக்கொண்டு
ஃபியட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன்.

விடிவதற்குள் அடிவாரம் தாண்டினேன்.
இரண்டாம் கியரில் இருமி இருமி ஏறியது வண்டி.
மஞ்சக்குட்டையில் கேட்க வாய் திறக்கும் முன்பே
சேர்வராயன் என்ற பையன் சொன்னான்:
'காரா? ஆளுக்கு இருபது ரூவா.'

சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால்
கூரை பாதி போன கொட்டகை.
வெறும் தரை.
நடுவில் முறம் அகலத்துக்கு ஒரு கறுப்பு.
'இங்கதான் நின்னுச்சு' என்றான்.

சில்லறையை மறந்து முட்டி போட்டேன்.
விரலால் தொட்டு முகர்ந்தேன்.
எண்ணெய்தான்.
என் ஃபியட் தினமும் வாசலில் விடுகிற
அதே எண்ணெய், கொஞ்சம் வயதாகி.

'யார் எடுத்துக்கிட்டுப் போனாங்க?'
'தெரியாதுங்க. போனப்ப
பின்னால ஒரு லைட்டு மட்டும் எரியலையாம்.'

இறங்கும்போது பதினோராம் வளைவில்
ஹாரன் அடித்தேன்.
ஒரு தடவை போதாதென்று
இன்னொரு தடவையும்.